வேற யாருக்காவது அடியா?

கார் வெச்சிருக்கறவன் பஸ்ல வரக்கூடாதுன்னு சட்டம் ஏதாச்சும் இருக்குதுங்களா தம்பி? இல்லையில்ல. அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க? வெள்ளை வேட்டியும் மோதரமும் பாத்துட்டு, ‘ஐயா வண்டிய சர்வீசுக்கு உட்டிருக்கீங்களா’ன்னு ஒரு கேள்வி. உட்டிருக்கேன். ஒரேயடியா உட்டிருக்கேன். எங்கூரு போலீஸ் ஸ்டேசன் வாசல்ல, வேப்பமரத்தடியில, மூஞ்சி நசுங்கிப் போயி நிக்குது. காக்கா உக்காந்து எச்சம் போடுது. நல்லாப் போடட்டும்.

கோவமில்லீங்க, நான் பேசறதே இப்படித்தான். கொஞ்சம் அக்கட்டத் தள்ளி உக்காருங்க, இடிச்சறாதீங்க. நெஞ்செலும்பு விரிசல் உட்டிருக்குது. பஸ்காரன் பிரேக் மிதிக்கறப்பெல்லாம் உசுரு போயி உசுரு வருது. கோயமுத்தூர் போயிச் சேர்றதுக்குள்ள என்ன பாடு படப் போறனோ தெரியல.

பேரு நாட்ராயன். காங்கயத்துல தேங்காக் களம் வெச்சிருக்கேன். தேங்காய ஒடச்சுக் காய வெச்சு எண்ணெய் மில்லுக்குப் போடறது. எங்கூட்டுக்காரி சாந்தாமணி கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருக்கறா. அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, கல்லுக்குண்டாட்டம் இருக்கறா. ஒட்டுமில்லாத ஒறவுமில்லாத எவனுக்கோ கஞ்சி தூக்கிட்டுப் போயி காவல் கெடக்கறா. அவளக் கூட்டிட்டு வரத்தான் போறேன். வருவா. வராம எங்க போறா.

எல்லாம் அந்தக் காரால வந்த வினை. பழைய வண்டி நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. சென்னையில கட்டிக் குடுத்த மக ஒத்தக் காலுல நின்னா. ‘அப்பா, உங்களுக்கு வயசாகுது, தனியா ஓட்டிட்டுப் போறீங்க, இந்த வண்டிய எடுங்க. எங்காச்சும் மோதிட்டா அதுவே போன் போட்டு ஆம்புலன்சக் கூப்புட்டுக்கும்’னா. நான் கேட்டேன், நான் எதுக்கு அம்மிணி மோதறேன்னு. என்ன பேச்சு பாருங்க. வண்டி வாங்கறப்பவே மோதறதப் பத்திப் பேசினா அது வெளங்குமுங்களா?

அப்புறம் சோசியக்காரரு. எனக்கு அட்டமத்துச் சனி நடக்குது, இரும்பு ஆகாது, வண்டிய அம்மிணி பேர்ல எடுங்கன்னு சொல்லிப் போட்டாரு. எங்க பக்கம் பாதி வண்டி பொம்பளைங்க பேர்லதான் ஓடுது. ஓட்டறது நாங்க, ஆர்.சி. புக்குல அவங்க. பேருதானே, போனாப் போகுதுன்னு சாந்தாமணி பேர்ல எடுத்தேன். உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? இன்னும் இல்லையா. அப்ப இத மட்டும் காதுல வாங்கி வெச்சுக்குங்க. ஒரு குண்டூசியக்கூடப் பொண்டாட்டி பேர்ல வாங்காதீங்க.

வண்டிய வெளிய எடுக்கற அன்னிக்கு ஐயர் வந்திருக்காரு. மாலை போட்டு, பொட்டு வெச்சு, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சுட்டு இருக்கறோம். நல்ல நேரம் முடியப் போகுது, எனக்கு அவசரம். அந்த நேரத்துல ஷோரூம் பையன் வந்து, ‘அம்மா, உங்க போன்ல ஒரு ஆப்பு போட்டிருக்கேன், இதுல ஒத்துக்கறேன்னு ஒரு விரல் வைங்க’ன்னான். என்னத்துக்குன்னு யாரு கேட்டா? சந்தனம் தொட்ட விரல அப்படியே வெச்சா. வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டது அந்த நிமிசந்தான். நாங்க வண்டிக்குப் பூசை போட்டுட்டு இருந்தோம், அவன் எங்களுக்குப் பூசை போட்டுட்டான்.

ஆனா ஒண்ணு, வாங்கின புதுசுல அது ஒரே ரோதனைங்க. பெல்ட்டு போடலைன்னா கீ கீ கீன்னு கத்தும். மாமியாகூட என்னைய அந்த மாதிரிக் கத்தினதில்ல. சாந்தாமணிக்கு பெல்ட்டுன்னாலே ஆகாது. பட்டுச்சேலை கசங்குது, மூச்சு முட்டுது, கண்ணாலத்துக்குப் போறப்ப என்னையென்ன கட்டிப் போட்டுக் கூட்டிட்டுப் போறீங்களான்னு ஒரே சண்டை. எனக்கும் தொப்பையில அழுத்துது. அதுக்குத்தான் கிளிப்பு விக்கறாங்கல்ல. பெல்ட்டு நுனியில ஒரு நாக்கு இருக்குமே, அது மட்டுந் தனியா. கார் சாமான் விக்கற கடையிலயெல்லாம் ஷாம்பு பாக்கெட்டாட்டம் தொங்க உட்டு வெச்சிருக்கறான். அதச் சொருகிட்டாப் போதும், ஆளு பெல்ட்டு போட்டுட்டான்னு வண்டி நம்பிக்கும். ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு வாங்கிச் சொருகினேன். அன்னிக்கு வாய மூடுச்சு பாருங்க. எங்கூர்ல அது இல்லாத காரே இல்ல. டாக்டர் கார்லயே இருக்குது.

சிரிக்காதீங்க. சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணுமில்ல.

தாராவரம் பக்கம் ஒரு தோப்புல காய் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டு இருந்தேன். உச்சி வெயிலு. ஒரு பக்கம் வாய்க்கால், நெறையத் தண்ணி போகுது. இன்னொரு பக்கம் மக்காச்சோளக் காடு, ஆள் உசரத்துக்கு நிக்குது. ரோட்டுல ஈ காக்கா இல்ல. நானும் நல்லா வந்துட்டு இருந்தேன். ஒரு நாயி குறுக்க வந்துருச்சுங்க. நாயிதான். போலீஸ்லயும் அதத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். நாயிக்காகத் திருப்பினேன், வண்டி வாய்க்கால் சொவத்துல போயி முட்டி, மூஞ்சி தண்ணிக்குள்ள, முதுகு கரையில. பெல்ட்டு போடாததுல நெஞ்சு ஸ்டியரிங்ல போயி அப்புச்சு. பலூன் வந்து மொகரையில அடிச்சுது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது.

அப்பப் பேசுது ஒரு பொம்பள.

எனக்கு மேல போயிச் சேந்துட்டமோன்னு ஆயிருச்சுங்க. வண்டிக்குள்ள யாருமில்ல, கொரலு மட்டும் வருது. ‘வணக்கம் சார், உங்க வண்டி விபத்துல சிக்கியிருக்கு, உங்களுக்கு அடி பட்டிருக்கா சார்?’ நெஞ்சு வலிக்குதுங்கன்னேன். ‘பயப்படாதீங்க சார், ஆம்புலன்ஸ் வருது, நீங்க எங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும்’னா. எப்படித் தெரியும்? நான் தாராவரம் போனது சாந்தாமணிக்கே தெரியாது. திருப்பூர் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். அது வேற சோலி, ஏவாரத்துல ஆயிரம் இருக்கும். எங்கயோ ஏசி ரூம்புல உக்காந்திருக்கற ஒருத்திக்கு நான் எந்த வாய்க்கால்ல கெடக்கறேன்னு தெரிஞ்சிருக்குது. இது ஞாயமுங்களா?

‘வண்டியில கூட யாரு சார்?’ யாருமில்லீங்க. ‘சார், இங்க ரெண்டு பேர்னு காட்டுது.’ இல்லம்மா, நான் மட்டுந்தான். ‘சார், ரெண்டு பேர் பெல்ட்டு போட்டிருக்கறதாக் காட்டுது, பதட்டப்படாம பக்கத்து சீட்டப் பாருங்க.’ பாத்தேன். கிளிப்பு தேமேன்னு சொருகிட்டு இருக்குது. அந்த நேரத்துல போயி, அம்மா அது கள்ளக் கிளிப்புன்னு சொல்ல முடியுமுங்களா? இன்சூரன்சுக்காரன் கைய விரிச்சுட மாட்டான்? யாருமில்ல, யாருமில்லன்னே சொன்னேன். எனக்குத் தலையில அடி பட்டு ஒளர்றேன்னு முடிவு பண்ணிட்டா. வண்டியில ரெண்டு பேரு, ஒருத்தரக் காணோம்னு ஆம்புலன்சு, போலீசு, தீயணைப்பு எல்லாத்துக்கும் சொல்லிட்டா.

அப்புறம் நடந்தத நீங்க பாத்திருக்கோணும். சனம் எங்கிருந்து வந்துச்சோ, திருவிழாவாட்டம் கூடிருச்சு. என்னையத் தூக்கிக் கரையில உக்கார வெச்சு சோடா குடுத்தாங்க. அத்தனை பேரும் தண்ணியப் பாத்துட்டு நிக்கறாங்க. நாலஞ்சு பசங்க வாய்க்காலுக்குள்ள முங்கி முங்கித் தேடறானுக. கீழ மடை வரைக்கும் கயித்தப் போட்டு அலசறாங்க. ‘ஐயா, கூட வந்தது யாருங்க’ன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. யாருமில்லன்னா ஒருத்தன் ஒருத்தனப் பாத்துக்கறான். அந்தச் சமயத்துல எங்கயோ தொவைக்கறப்ப உட்ட ரவிக்கைத் துணி ஒண்ணு முள்ளுல மாட்டிக் கெடந்திருக்குது. அத ஒருத்தன் தூக்கிக் காட்டினான் பாருங்க, முடிஞ்சுது என் மானம். நாட்ராயன் வண்டியில பொம்பள இருந்திருக்கறா, தண்ணியில போயிட்டா, மனுசன் மூடி மறைக்கறான்னு அங்கயே பேச ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஊடு வந்து சேர்றதுக்குள்ள காங்கயம் பூரா வாட்சப்புல போயிருச்சு. ரெண்டு பேர்னு கம்பெனிக்காரன் குடுத்த தகவல் போலீசுக்கு மட்டுந்தானே போயிருக்கோணும்? எப்படிங்க சந்தைக்கு வந்துச்சு? ஒலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமுங்களா?

சாந்தாமணி என்ன சொன்னாளா? அதத்தான் கேக்கோணும். ஒரு வார்த்தை சந்தேகப்படலைங்க. என் மச்சினன் கையில மெசேஜக் காட்டி, ‘அக்கா, இது என்னக்கா’ன்னு நிக்கறான். இவ விழுந்து விழுந்து சிரிக்கறா. ‘அடப் போடா, அந்த ரெண்டாவது ஆளு நாந்தான், என்ற பட்டுச்சேலைக்காக வாங்கின கிளிப்புடா அது’ன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி, நெசமாச் சொல்றேன். ஊரே காறித் துப்பறப்ப இவ ஒருத்தி சிரிக்கறா. இந்தப் பொம்பளைக்கு என்ன செஞ்சாலும் தகும்னு நெனச்சேன். அன்னிக்கு ராகிக் களி கிண்டி, எனக்கு மெல்ல முடியலைன்னு கரைச்சுக் குடுத்தா.

அது அதோட முடிஞ்சிருந்தா நான் இன்னிக்கு இந்தப் பஸ்ல வந்திருக்க மாட்டேன்.

அங்க தண்ணியில தேடிட்டு இருந்தாங்களா. அலசி அலசிப் பாத்துட்டு, ஒண்ணுங் கெடைக்காம, என்னைய ஆம்புலன்சுல ஏத்தி, கூட்டம் கலைஞ்சு போச்சு. பொழுது சாயற நேரத்துல அந்த மக்காச்சோளக் காட்டுக்காரம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க உள்ள போயிருக்குது. அங்க ஒரு டிவிஎஸ் பிப்டி கெடக்குது. அதுக்கு அந்தண்ட ஒரு ஆளு கெடக்கறான். ஆறுச்சாமின்னு, ஓட்டலுக்கெல்லாம் வாழையெலை கொண்டு போயிப் போடறவன். ரோட்டுல கூட வாழையெல செதறித்தான் கெடந்துச்சு. ஏதோ லாரியில இருந்து உழுந்திருக்குதுன்னு அத்தன சனமும் அது மேல நடந்து போயித்தான் வாய்க்காலப் பாத்துது. ஆறுச்சாமிக்குக் காலு ஒண்ணு எடுத்தாச்சு. தலையில அடி, ரத்தம் ரொம்பப் போயிருச்சு. இன்னும் பேச்சு வரல. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தாக் காலக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எப்பக் கொண்டு போனாலும் கொஞ்சம் முன்னாடிம்பாங்க.

அவனுக்கும் எனக்கும் என்னங்க சம்பந்தம்? போலீசும் அதத்தான் கேட்டுச்சு. நாயி வந்துது, நான் திருப்பினேன், அவன் தனியா எப்ப உழுந்தானோ எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஹெல்மெட் போடாதவன். எலைக்கட்டு தலைக்கு மேல உசரமா வெச்சுக் கட்டிட்டுப் போறவன். அந்த மாதிரி ஆளுக தனக்குத் தானே உழுகறதில்லீங்களா? தெனமும் உழுகறாங்க.

ரெண்டு மூணு நாள் போச்சு. காலையில குளிச்சுட்டு வர்றேன். அடுக்களையில என் கொரலு கேக்குது. நான் இங்க துண்டோட நிக்கறேன், என் கொரலு அங்க பேசிட்டு இருக்குது. ‘நெஞ்சு வலிக்குதுங்க’ங்குது. போயிப் பாத்தா சாந்தாமணி அடுப்பு முன்னால போனக் கையில வெச்சுட்டு நிக்கறா. அந்த ஆப்பு இருக்குதில்ல, அதுல வந்திருக்குது. வண்டி யாரு பேர்ல இருக்குதோ அவங்களுக்கு எல்லாத்தையும் அனுப்புவாங்களாம். எந்த ரோட்டுல போனேன், என்ன வேகத்துல போனேன், பிரேக்கு எப்ப மிதிச்சேன், அந்தப் பொம்பளகிட்ட என்ன பேசினேன், அத்தனையும். நான் ஓட்டின வண்டி, நான் பேசின பேச்சு, அவ போன்ல. கூடவே இருந்து குழி பறிக்கறதுன்னா இதுதானுங்களே?

‘நாயி வந்துதுன்னு சொன்னீங்க. பிரேக்கே மிதிக்கலைன்னு போட்டிருக்குது’ன்னா. மிதிக்கறதுக்கு நேரமில்லைன்னேன். அவ மறுபடியும் போட்டு உட்டா. அந்தக் கம்பெனிக்காரி கேக்கறா, ‘சார், வேற யாருக்காவது அடியா? வெளியில யாராவது இருக்காங்களா சார்?’ நான் சொல்றேன், ‘யாருமில்ல, யாருமில்ல.’ அதுக்கப்புறம் கொஞ்சம் சும்மா ஓடுது. தண்ணி போற சத்தம். அதுக்குள்ள ஒரு கொரலு, தூரத்துல இருந்து. ‘அண்ணா... இங்க கெடக்கறனுங்ணா... அண்ணா, கொஞ்சம் வாங்ணா...’

காத்துங்க. மக்காச்சோளத் தட்டுல காத்தடிச்சா அப்படி ஆயிரம் சத்தம் வரும். உங்களுக்குத் தெரியாது, நீங்க டவுனு. அந்தப் பொம்பளைக்கும் தெரியாது. ‘சார், யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே’ங்கறா. நான் ‘அது காட்டுல ஆடு மேய்க்கறவங்கம்மா’ன்னு சொல்லியிருக்கேன். அதுவும் இருக்குது அதுல.

சாந்தாமணி அத ஒரு தடவையில்ல, ஒம்பது தடவை போட்டிருப்பா. அப்புறம் என்னையப் பாத்தா. சண்டை போட்டிருந்தாக் கூடப் பரவால்லைங்க. மெதுவாச் சொல்றா, ‘சாகக் கெடக்கறப்பவும் மரியாதையாத்தான் கூப்புட்டிருக்கறான், ங் போட்டு.’ அப்புறம் ஒரே ஒரு கேள்வி. ‘நீங்க அவனப் பாத்தீங்களா?’

பாக்கலைன்னேன்.

அன்னிக்கே தூக்குப் போசியில கஞ்சி ஊத்தி எடுத்துட்டுக் கெளம்பிட்டா. அந்த ஆறுச்சாமி பொண்டாட்டி பழனாத்தாகூட ஆஸ்பத்திரி வராண்டாவுல பாய் விரிச்சுப் படுத்திருக்கறா. களத்துல ஆளுகளுக்குச் சோறு பொங்கிப் போட ஆளில்ல. நான் ஓட்டல்ல தின்னுட்டு வயித்த எரிச்சலோட கெடக்கறேன். போன் போட்டா எடுப்பா, அந்த ஒரே கேள்வியக் கேப்பா, வெச்சிருவா. நாங்க சண்டை போடாத புருசன் பொண்டாட்டி இல்லீங்க. பாத்திரம் பறந்திருக்குது. ஆனா இந்த மாதிரி ஒரு கேள்விய வெச்சுட்டு அவ என்னைய நிக்க வெச்சதில்ல. எனக்குத் தூக்கம் போச்சு தம்பி. அவ இல்லாத ஊடு ஊடாவே இல்ல.

இப்ப விசயம் எங்க வந்து நிக்குதுன்னா, போலீசுக்கு அந்தப் பேச்சு வேணுமாம். ஆறுச்சாமி மச்சினன் எவனோ மனுக் குடுத்திருக்கறான். கம்பெனிக்காரன் என்ன சொல்றான்? வண்டிக்குச் சொந்தக்காரங்க சம்மதிச்சு ஒரு கையெழுத்துப் போட்டாக் குடுக்கறேன், இல்லைன்னா கோர்ட்டுல உத்தரவு வாங்கிட்டு வாங்கன்னு சொல்றான். எங்க வக்கீலு கெட்டிக்காரரு. ‘அம்மா கையெழுத்துப் போடாம இருந்தாப் போதும், நான் இழுத்துக்கறேன். அடுத்தவன் பேச்ச அவனக் கேக்காமப் பதிஞ்சது தப்புன்னு சொல்லி அழிக்க வெச்சுரலாம்’ங்கறாரு. சரிதானுங்களே? என் தொண்டையில இருந்து வந்தது எனக்குச் சொந்தம். அடி பட்டுக் கெடக்கறவன் வாயப் புடுங்கி எடுத்து வெச்சுக்க நீ யாருன்னு கேக்கோணுமா வேண்டாமா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. இன்னிக்கு என் பேச்சு, நாளைக்கு உங்க பேச்சு. ஆக, எல்லாம் இப்ப சாந்தாமணி கையில இருக்குது. அவ போடலைன்னா நான் ஊட்டுல இருப்பேன். போட்டுட்டா எங்க இருப்பேன்னு சொல்ல முடியாது.

இல்லீங்க, நீங்க வேற மாதிரி நெனைக்கறீங்க. உங்க மூஞ்சியிலயே தெரியுது. நான் ஒண்ணு கேக்கறேன். எங்கிருந்தோ ஒருத்தன் மண்ணுத் தடத்துல இருந்து சரேல்னு ரோட்டுக்கு ஏறறான். கை காட்டல, ஒண்ணுமில்ல. முன்னால ஒருத்தன் மாட்டு வண்டியாட்டம் போயிட்டு இருந்தான், அவன ஒதுக்கிட்டு நான் வலது பக்கம் ஏறி வர்றேன். பச்சைச் சட்டை, தலையில துண்டு, எலைக்கட்டுக்குப் பின்னால பாதி மூஞ்சி. என்னையப் பாத்துக் கையத் தூக்கறான், நிறுத்துன்னு. நிறுத்துன்னா நிக்கறதுக்கு அது என்ன உங்கப்பன் வண்டியா? தப்பு அவன் மேல இருக்கறப்ப நான் என்ன பண்ண முடியும்? தட்டி உட்டுட்டு வண்டி அந்தண்ட போயிருச்சு. நான் ஒதுக்கின வண்டிக்காரனும் நிக்காமப் போயிட்டான்.

எந்திரிச்சுப் போயிருவான்னு நெனச்சேங்க. அந்த மாதிரி ஆளுக எந்திரிச்சுப் போயிருவாங்க. மண்ணத் தட்டிட்டு, ரெண்டு வார்த்தை வஞ்சுட்டுப் போயிட்டே இருப்பாங்க. அவன் கூப்புடக் கூப்புட, இந்தா எந்திரிச்சுருவான், இந்தா எந்திரிச்சுருவான்னுதான் இருந்தேன். அந்தப் பொம்பள மட்டும் அந்நேரத்துக்குக் கேக்காம இருந்திருந்தா நானே எறங்கிப் போயிப் பாத்திருப்பேன். சத்தியமா. கேட்டதாலதானே இல்லைன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு? ஒருக்கா இல்லைன்னு சொன்னப்புறம், கரையில உக்காந்து சோடா குடிக்கறப்ப, ‘ஏனுங்க, தண்ணிய உடுங்க, அந்தக் காட்டுக்குள்ள பாருங்க’ன்னு எப்படிச் சொல்றது? சொன்னா முன்ன சொன்னது என்ன ஆகறது? சனம் வேற மும்முரமாத் தண்ணியில தேடிட்டு இருக்குது. நல்ல எண்ணத்துல தேடறவங்களத் தடுக்கவும் மனசு வரல. ஆக மொத்தத்துல என்னையப் பொய் சொல்ல வெச்சது அந்தக் காருதான். வாயிருக்கற வண்டிய வாங்கினா இப்படித்தான்.

என்ன கெரகமோ, சூலூருக்குள்ள வந்தா இந்தப் பஸ்சு நகரவே மாட்டீங்குது. தண்ணி இருக்குதுங்களா உங்ககிட்ட? வேண்டாம், வேண்டாம். இருங்க, போன் அடிக்குது.

அவதான்.

ஆங், சொல்லு... சூலூர்ல இருக்கறேன், வந்துட்டே இருக்கறேன்... யாரு வந்திருக்கறாங்க? இன்ஸ்பெக்டரா? கம்பெனிக்காரன் எதுக்கு அங்க வந்தான்? நீ ஒண்ணுலயும் கை வெக்காத, நான் வந்துர்றேன்... பேனாவக் கீழ வையின்னு சொல்றேன்... எத்தனை தடவ அதையே கேப்ப?... பஸ்ல இருக்கறேன் சாந்தாமணி, சுத்தியும் சனம் இருக்குது, வந்து பேசிக்கலாம்... இப்பவேன்னா எப்படி?...

அப்படின்னா என்ன அர்த்தம்? ‘பாத்தேன்’னு நான் சொல்லிட்டா நீ என்கூட நிப்பியா? நின்னு என்ன பண்ணுவ? ரெண்டு பேரும் போயி அவங்க கால்ல உழுகறதா? ஊட்ட வித்தாவது வைத்தியம் பாக்கறதா?... கேசு வந்தாலும் கூட நிப்பியா... ஏன் அழுகற இப்ப? அழுகாத... பாக்கலைன்னு சொன்னாக் கையெழுத்துப் போட்டுருவியா? எனக்கே நிபந்தனை போடறியா நீ?... இல்ல, கேளு. நான் சொல்றதக் கேளு. ஊருல ஒருத்தரும் நம்பாதப்ப நீ ஒருத்தி நம்பின... ஆமா... ஆமா, கேக்குது, ஒரு வார்த்தைதான்...

சாந்தாமணி.

பாக்கல.

பாக்கலைன்னு சொல்றனல்ல. நாயத்தான் பாத்தேன். அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது... ஆமா. முடிவாத்தான் சொல்றேன். அலோ. அலோ... சாந்தாமணி...

வெச்சுட்டா. போட்டிருப்பா. இந்நேரம் போட்டிருப்பா.

என்னங்க தம்பி, எந்திரிச்சுட்டீங்க? சிங்காநல்லூர் இன்னும் வரலீங்களே. அங்க நின்னுக்கறீங்களா? எதுக்கு நிக்கோணும், இங்க எடம் இருக்குதில்ல? உக்காருங்க. உங்க பேரென்னன்னு நான் கேக்கவே இல்ல பாருங்க. எந்த ஊரு? யாரு பையன்? ஏன் பேச மாட்டீங்கறீங்க? நான் ஏதோ வயசானவன், நெஞ்சு வலியோட, வழித்துணைக்கு நாலு ஞாயம் பேசிட்டு வந்தேன். பஸ்சு சத்தத்துல உங்க காதுல ஒண்ணும் உழுந்திருக்காது. அப்படித்தானுங்களே தம்பி? ஒண்ணும் உழுகலைதானுங்களே?